நார்வே கடலோரக் கப்பல் பயணம்

நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை சென்று திரும்பும் கப்பல் தடம். ஹுர்டிகுருட்டன் என்ற பெயரில் புகழ்பெற்றது. 1893 ஜூலை 2 அன்று, கப்பல் தலைவர் ரிச்சர்ட் வித்தின் ‘வெஸ்டரோலன்’ நீராவிக் கப்பல் டிரான்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்குப் புறப்பட்டபோது தொடங்கியது. குளிர்காலத்தில் வடக்கே கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆன காலம் அது.

போய்வர 12 நாள். வழியில் 34 துறைமுகங்கள். 2021 முதல் ஹவிலா நிறுவனக் கப்பல்களும் ஓடுகின்றன. சிற்றூர்த் துறைகளில் கால் மணி, அரை மணிதான் நிற்கும்: சரக்கு இறங்கும், உள்ளூர்க்காரர்கள் நாலுபேர் ஏறுவார்கள், கப்பல் கிளம்பிவிடும். சூதாட்டக் கூடமும் மேடைக் கச்சேரியும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். போகும்போது இரவில் கடந்த ஊர்கள் பலவும் திரும்பும்போது பகலில் வரும். ஒருவழிச் சீட்டு பாதிப் பயணமே.

கரை உலாக்களில் பெயர்பெற்றது ஹொன்னிங்ஸ்வோகில் இறங்கி, 307 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையான வடமுனைக்குப் பேருந்தில் போய்வருவது. 1904 தீவிபத்துக்குப்பின் ஒரே பாணியில் திரும்பக் கட்டப்பட்ட ஓலெசுண்டை நடந்தே பார்த்துவிடலாம். சுவையானது ஹார்ஸ்டாட் உலா: அங்கே இறங்குவோர் தரைவழி வந்து சோர்ட்லாண்டில் மறுபடி ஏறுகிறார்கள். பேருந்து பாலத்தின்மேல் போகையில், கீழே அவர்களுடைய கப்பலே சங்கூதிக் கடப்பதுண்டு. தனியாக ஊர்சுற்றப் போய்த் தாமதித்தவருக்காகக் கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைக்குச் சொந்தச் செலவில்தான் போய்ப் பிடிக்க வேண்டும்.