வீட்டுப் பாம்புக்கு மூன்று நாள் தவணை

2010-ஆம் ஆண்டளவில் முசலிப் பக்கம் காணி துப்புரவாக்கப் போனவர்களிடம், ஊரில் முதலில் எதைக் கண்டீர்கள் என்று கேட்டால், பள்ளிவாசலையோ கிணற்றையோ சொல்லமாட்டார்கள். பாம்பு என்பார்கள். சிலாவத்துறை, கொண்டச்சி, பண்டாரவெளி, மறிச்சுக்கட்டி என்று எந்த ஊரவரைக் கேட்டாலும் இதே பதில்தான். இருபது ஆண்டு ஆளில்லாத வீட்டில் கூரை முதலில் போகும். பிறகு கதவும் நிலையும் போகும். அறைக்குள் கறையான் புற்றெடுக்கும். இடிந்த சுவர்க் கற்களுக்கிடையே எலி குடியேறும். எலியின் பின்னால் பாம்பு வரும். நம் நாகமும் விரியனும் தமக்கென்று வளை தோண்டுவதில்லை. பிறர் தோண்டியதிலும் விட்டுப்போனதிலும் குடியிருக்கின்றன.

என் வாப்பா 1990 ஒக்டோபரில் பூட்டிய கதவின் திறப்பைப் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்தத் திறப்போடுதான் போனோம். திறப்பதற்குக் கதவு இல்லை. உம்மா நெல் மூட்டை அடுக்கிவைக்கும் மூலையில் இடுப்பளவு உயரத்தில் புற்று நின்றது. அதனடியில் ஒரு நாகம். கூட வந்த இளைஞர்கள் மண்வெட்டியால் அதை இரண்டு துண்டாக்கி வேலியோரம் எறிந்துவிட்டு, தேத்தண்ணி குடிக்க வந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய எங்கள் மூத்தம்மா கேட்டார்: "அதுக்குச் சொன்னீங்களா மகன்? மூணு நாள் சொல்லணுமே."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மூத்தம்மா சொன்னது கிழவியின் கட்டுக்கதையல்ல என்பது பிறகு கிதாபைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி அது. அகழ் யுத்த நாட்கள். புதிதாக மணமுடித்த ஓர் இளைஞர் அனுமதி பெற்று வீட்டுக்கு வருகிறார். மனைவி வாசலில் நிற்பதைக் கண்டு ரோஷத்தோடு ஈட்டியை ஓங்குகிறார். முதலில் உள்ளே போய்ப் பாருங்கள் என்கிறாள் அவள். படுக்கையில் பெரிய பாம்பொன்று சுருண்டு கிடக்கிறது. அதை ஈட்டியில் கோத்து வெளியே கொண்டுவந்து முற்றத்தில் நடுகிறார். துடித்த பாம்பு அவரையும் தாக்கியது. முதலில் இறந்தது பாம்பா இளைஞரா என்று எவருக்கும் தெரியவில்லை. மதீனாவில் இஸ்லாத்தை ஏற்ற ஜின்கள் உள்ளன என்றும், வீட்டில் இவ்வாறு தென்பட்டால் மூன்று நாள் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்றும், அதன் பின்னும் தென்பட்டால் கொல்லலாம் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது இதை அடுத்துத்தான். பாம்புகளைக் கண்ட இடத்தில் கொன்றுவந்த இப்னு உமர் (ரலி), வீட்டுப் பாம்புகளுக்கு விலக்கு உண்டென்று அபூ லுபாபா (ரலி) சொன்னதும் அதை நிறுத்திக்கொண்டார் என்பது புகாரியில் வரும் செய்தி. இந்த விதி மதீனாவுக்கு மட்டுமா, எல்லா ஊருக்குமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் புக எனக்குத் தகுதியில்லை.

எனக்கு உறைத்தது 'தவணை' என்ற விஷயம். 1990 ஒக்டோபர் 30-இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த தவணை இரண்டு மணி நேரம். மன்னாரில் எங்களுக்குச் சில நாட்கள் கிடைத்தன. தீவில் இருந்தவர்கள் எருக்கலம்பிட்டிக் கரையில் வள்ளத்துக்குக் காத்துக்கிடந்து கற்பிட்டி போய்ச் சேர்ந்தார்கள். வடக்கிலிருந்து இவ்வாறு வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். தவணையில்லாமல் வீட்டைவிட்டுத் துரத்தப்படுவது என்னவென்று நன்கறிந்த நாங்கள்தான், திரும்பி வந்த முதல் நாளிலேயே வீட்டில் இருந்ததைத் தவணையில்லாமல் வெட்டினோம்.

வளைகுடாவின் எதிர்க்கரையில் வாழ்ந்த உமறுப் புலவர், சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் ஷாம் தேசப் பயணத்தைப் பாடும்போது பாம்புக்கு இரண்டு படலங்கள் ஒதுக்கியிருக்கிறார். ஒன்று 'பாந்தள் வதைப் படலம்'. மற்றது 'பாந்தள் வசனித்த படலம்'. ஒன்றில் பாம்பு வதைபடுகிறது, இன்னொன்றில் பேசுகிறது. இரண்டுக்கும் காப்பியத்தில் இடமிருந்தது. நம் வளவில் முதலாவது மட்டுமே நடக்கிறது.

மன்னார் பாம்போடு பழகிய பழைய நிலம். திருக்கேதீச்சரம் கேது வழிபட்ட தலம் என்பது சைவர்களின் ஐதிகம். கேதுவோ பாம்புக் கிரகம். மடு மாதா கோயில் மண் பாம்புக்கடிக்கு மருந்து என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. அந்த மண்ணில் ஒரு பொட்டலம் எங்கள் வீட்டுத் தட்டிலும் இருந்தது. வாப்பாவின் கூட்டாளி ஒருவர் அரிப்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. எங்கள் பக்கத்து வைத்தியம் ஃபாத்திஹா ஓதி ஊதிய தண்ணீர். அதற்கும் ஆதாரம் அதே அபூ ஸயீத் (ரலி) அவர்களின் அறிவிப்புத்தான்: விஷம் தீண்டிய கோத்திரத் தலைவருக்கு ஃபாத்திஹா ஓதி, ஆட்டு மந்தையைக் கூலியாகப் பெற்ற நிகழ்ச்சி. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, 1679 ஒக்டோபரில் அருவியாற்றோரமாக நடந்து அரிப்புக் கோட்டையில் வெளிப்பட்ட றொபட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட நூலில் இந்நாட்டுப் பாம்புகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நாகத்துக்கும் புடையனுக்கும் தீராப் பகை என்ற கதையை அவரும் கேட்டு எழுதிவைத்தார்.

மண்ணாலும் மந்திரத்தாலும் ஓதிய தண்ணீராலும் பிழைத்தவர்கள் உண்டா? உண்டு. கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். 2012-13இல் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்திய ஆய்வின்படி, ஓராண்டில் பாம்பு கடித்தோர் ஏறத்தாழ 80,000 பேர். உடலில் விஷம் ஏறியவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். இறந்தவர்கள் 400-க்கு மேல். அதாவது கடிபட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்த வைத்தியம் செய்தாலும், செய்யாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். அந்தப் பாதிப்பேரின் புகழில்தான் பரிசாரியும் வாழ்ந்தார், லெப்பையும் வாழ்ந்தார். மற்றப் பாதியைப் பற்றி ஊரில் யாரும் கதை சொல்வதில்லை. துஆ ஓதுவதை நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனத்தில் ஓதலாம்.

எங்கள் பக்கம் அஞ்ச வேண்டியவை நாகம், கண்ணாடிப் புடையன், கட்டுவிரியன், கரையோர மணலில் சுருட்டைவிரியன். கடலில் வலைக்குள் வரும் வலக்கடியன் தனி இனம். தரைப்பாம்புக்கான மருந்து அதற்குக் கேட்காது. (சிங்கள மீனவர்களும் அதை வலக்கடியா என்றே அழைக்கிறார்கள். பெயர் வலையோடு போயிருக்கிறது.) இவற்றுள் என்னை அதிகம் அச்சுறுத்துவது கட்டுவிரியன். அது இரவில் திரிவது. தரையில் பாய் விரித்துப் படுத்தவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி பெரிதாக இராது, பல் பதிந்த அடையாளமும் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்; விடியும்போது கண்ணிமை தூக்க முடியாது, பின்பு மூச்சுத் திணறும். அகதி முகாமிலும் மீள்குடியேற்றத் தறப்பாள் கொட்டிலிலும் நாங்கள் தரையிலேதான் படுத்தோம். நுளம்புவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால் இக்கடி வெகுவாகக் குறையும் என்று நேபாளத்தின் தராய்ப் பகுதி ஆய்வொன்று 2007-இல் காட்டியது. இலங்கையில் மலேரியா ஒழிந்ததென்று 2016-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது உண்மை. வலையை அதற்காக மடித்து வைத்துவிடக் கூடாது.

விஷம் ஏறியவருக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்து இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கைப் பல்லாண்டு காலம் எடுத்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பழங்குடியினர். தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள், தோல் வியாபாரம் தடைப்பட்டதும் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வடநெம்மேலியில் பாம்பை உயிரோடு பிடித்து, விஷத்தை மட்டும் கறந்து, திரும்பக் காட்டில் விட்டுவந்தார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கடலுக்கு அப்பால், கொல்லாமல் விட்ட பாம்பிடமிருந்து வந்த மருந்தில்தான் இங்கே நாம் பிழைக்கிறோம்.

கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். அடித்த பாம்பையும் தூக்கிச் செல்லத் தேவையில்லை. புடையன் கடியென்று சந்தேகித்தால் டொக்டர் கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை இருபது நிமிடம் வைத்துப் பார்ப்பார். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது. செத்த பாம்பை விட அந்தக் குழாய் தெளிவாகப் பேசும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் அப்பகுதிகளையும் சேர்த்து மாவில்லு பேணற்காடு என்று இன்னொரு வர்த்தமானி. முஸ்லிம்கள் வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று கொழும்பில் குரல் எழுந்தது. எங்கள் கிணறும் மையவாடியும் காட்டுக்குள் கிடக்கின்றன என்று நாங்கள் சொன்னோம். மரம் நின்றதும் பொய்யில்லை, மரத்தடியில் கிணறு இருந்ததும் பொய்யில்லை. நாங்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த காட்டுக்கு எங்கள் வெளியேற்றமே விதை போட்டது என்பதை அந்த விவாதத்தில் மிகச் சிலரே பேசினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் படிப்பிக்கும் பாடசாலையில், நூல் அலுமாரிக்குப் பின்னால் ஒரு நாகம் புகுந்தது. பத்தாம் வகுப்புப் பையன்கள் தும்புத்தடியும் கல்லுமாக வந்துவிட்டார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பினேன். மைதானப் பக்கக் கதவைச் சாத்தி, பின்பக்கக் கதவை மட்டும் திறந்துவிட்டு, கதவுக்கும் அலுமாரிக்கும் இடையில் ஒருவரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டோம். தூரத்திலிருந்து ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். எங்கே போனதென்று தெரியாத பாம்புதான் ஆபத்து. மூலைக்குள் நெருக்கினால் படமெடுக்கும், வழி விட்டால் போய்விடும். போகாவிட்டால், பழக்கமுள்ளவர்கள் சுவரோரமாக ஒரு குழாயை வைத்து மறுவாயில் சாக்கைக் கட்டுவார்கள்; இருட்டு என்று நம்பி அது தானே உள்ளே போகும். அன்று அதற்குத் தேவை வரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அஸருக்குப் பிறகு அலுமாரியடியிலிருந்து வெளிப்பட்டு, படியிறங்கி, அவசரமில்லாமல் வேலியைக் கடந்து போனது. வேலிக்கு அப்பால்தான் வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது.