கஞ்சித் தேக்சாவும் விடுதிச் சாப்பாடும்

ரமலான் பிறை தென்பட்டதும் நம் பள்ளிவாசல்களில் முதலில் வெளியே வருவது தேக்சாவாகத்தான் இருக்கும். அரிசி, பயற்றம் பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, வெங்காயம், தேங்காய்ப் பால் ஆகியவற்றோடு, வசதியுள்ள நாளில் சிறிது கொத்துக்கறியும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் நோன்புக் கஞ்சியை நாம் சுவைக்காகப் போற்றுகிறோம். குறைந்த செலவில் பலர் வயிற்றைப் பழுதில்லாமல் நிரப்பிய ஓர் ஏற்பாடு அது என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அரிசியில் குறைவாக உள்ள சத்தைப் பருப்பு ஈடு செய்கிறது. பகல் முழுதும் வறண்ட உடலுக்கு நீரும் உப்பும் ஒருசேரக் கிடைக்கின்றன. கொத்துக்கறி இல்லாததைக் கஞ்சியென்றே ஒப்பாதவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களோடு வழக்காட இது இடமன்று.

கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் இக்கஞ்சியையும் உடன் கொண்டு போயினர். சிங்கப்பூரில் சூலியா வணிகர்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலில் நோன்புக் காலத்தில் கஞ்சி வழங்குவது இன்றும் வழக்கம். தமிழக அரசு 2001ஆம் ஆண்டு முதல் பள்ளிவாசல்களுக்குக் கஞ்சிக்கென்று பச்சரிசி ஒதுக்கி வருகிறது. 2020இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கப்பட்டது. பகுத்துப் பார்த்தால், பள்ளி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது கிலோவுக்கு மேல் வருகிறது. கொள்ளைநோயால் ஊரடங்கு நிலவிய அவ்வாண்டில் தேக்சா ஏறவில்லை. அரிசியாகவே வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பதென முடிவாயிற்று.

இத்துணைப் பெரிய அளவில் சமைத்த உணவு எவ்வாறு கேடின்றி மக்களைச் சென்றடைந்தது? நம் முன்னோர் நுண்ணுயிரியல் படித்தவர்களல்லர். ஆயினும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் வெள்ளீயம் பூசாமல் அடுப்பில் ஏற்றமாட்டார்கள். பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் புளிப்புப் பட்டால் களிம்பேறும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதனினும் பெரிய காவல், நேரக் கட்டுப்பாடு. லுஹருக்குப் பின் அடுப்பு எரியும்; அஸர் வாக்கில் தேக்சா இறங்கும்; தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்; மஃரிபுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். அரிசியில் இயல்பாகவே காணப்படும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் மடிவதில்லை. வெந்த அரிசி இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகுகின்றன. அறுபது பாகை செல்சியஸுக்கு மேல் ஆவி பறக்க இருக்கும் உணவில் அவை பெருக இயலாது. சுடச்சுட வழங்கிச் சுடச்சுட உண்ட வழக்கம் அவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை. மேலும், சமைப்பவரும் உண்பவரும் ஒரே மஹல்லாவினர். தேக்சாவுக்குள் என்ன போகிறது என்பதை யாரும் எட்டிப் பார்க்கலாம்.

இந்த எட்டிப் பார்க்கும் உரிமை இல்லாத இடத்தில் நேர்ந்ததை நெடுந்தொலைவு சென்று தேட வேண்டியதில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தைக் கடந்து, இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் வழியே மேற்கே சென்றால் சுங்குவார்சத்திரம். அங்குள்ள ஃபாக்ஸ்கான் கைபேசி ஆலையில் பல்லாயிரம் இளம்பெண்கள் பணிபுரிகின்றனர். 2021 டிசம்பர் நடுவில், கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் உண்ட பெண்கள் 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நிலை என்னவென்று தெளிவாகச் சொல்வாரில்லை, வதந்தி பரவிற்று, பெண்கள் இதே நெடுஞ்சாலையில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. விடுதிகள் சிலவும் உணவுக் கூடங்களும் தமது தரத்துக்கு ஒத்தவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே அறிவித்து, அவ்வாலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது 2006இல். நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5ஆம் நாள். ஆகவே சட்டம் இல்லாத குறையன்று இது. எவ்வளவு பெரிய சமையற்கூடமானாலும், அங்கே உண்பவருக்கு அதனுள் நுழைந்து பார்க்கும் வழியோ, குறையைச் சொன்னால் கேட்கும் ஆளோ இல்லாவிடில் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடும் என்பது நம் கருத்து. ஊரை விட்டு வந்து விடுதிகளில் தங்கி உழைக்கும் அப்பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்ததை ஒழுங்கீனம் என்று பேசியவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

பள்ளிவாசல் கஞ்சிக்கும் ஓர் ஆபத்து உண்டு. அது தேக்சாவிலன்று, தூக்குவாளியில். தண்டலம் வட்டாரத்தில் வாடகை அறைகளில் தங்கி முறைவேலைக்குச் செல்வோர், மாலையில் வாங்கியதில் பாதியை மூடி வைத்து ஸஹருக்கு உண்ண எண்ணலாம். இரவெல்லாம் புழுக்கத்தில் கிடந்த கஞ்சியில் வாந்தியை உண்டாக்கும் நஞ்சு ஊறியிருந்தால், மறுபடி கொதிக்க வைத்தும் அது அழிவதில்லை. குளிர்ப்பெட்டி இருப்பவர்கள் அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடலாம். இல்லாதவர்கள் இரவுத் தொழுகைக்கு முன்பே உண்டு முடித்துவிடுவது நன்று. ஸஹருக்கு ஒரு பிடி அரிசியும் ஒரு பிடி பயற்றம் பருப்பும் புதிதாக வேக அரை மணி நேரம் போதும்.