குடிமையின் முதற்பாடம்

குடிமைப் பயிற்சி என்றதும் பள்ளிச் சிறுவர் தேர்வுக்காக உருப்போடும் பாடமே நம் நினைவிற்கு வருகிறது. குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் யாவை, சட்டசபைகள் எத்தனை வகை என மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆயினும் குடிமை ஏட்டோடு முடிவதன்று. ஆளப்படுவோராயிருந்த மக்கள் தம்மைத் தாமே ஆளத் தொடங்கும்போது பயிலவேண்டிய வாழ்க்கை நெறியே அது. அப்பாடத்தை நம் நாடு எங்ஙனம் பயிலத் தொடங்கிற்று என்பதைச் சிறிது நோக்குவோம்.

அந்நியர் ஆட்சியில் வாக்குரிமை, சொத்தும் வரியும் கல்வியும் உடைய சிலருக்கே கிட்டியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் பெண்களுக்கு அவ்வுரிமையை முதன்முதலில், 1921-இல், அளித்தது நம் சென்னை மாகாணமே. எனினும் அங்கும் சொத்துத் தகுதி நீங்கவில்லை. 1950 ஜனவரி 26-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பே, 21 வயது நிறைந்த குடிமக்கள் அனைவர்க்கும், ஏழை செல்வர், ஆண் பெண் என்ற வேற்றுமையின்றி, வாக்குரிமையை உறுதி செய்தது. அவ்வயது 1989-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது.

உரிமை ஏட்டில் வந்தது. அதனை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தல் எளிதாயிருந்ததா? முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவர்களின் காலத்தில் 17 கோடிக்கு மேற்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றனர். 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவினரே. ஆகவே கட்சிகளுக்குச் சின்னங்கள் வழங்கி, வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி வைத்து, 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை முதற் பொதுத்தேர்தலை நடத்தினர்.

அங்கு எதிர்பாராத இடர் ஒன்று எழுந்தது. நம் பாட்டிமார் கணவர் பெயரைச் சொல்லக் கூசியதை நாம் அறிவோம். வடபுலத்தில் பெண்கள் பலர் அயலாரிடம் தம் சொந்தப் பெயரையே சொல்ல மறுத்தனர். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிவாயினர். இயற்பெயரின்றிப் பட்டியலில் இடமில்லை எனத் தேர்தல் கமிஷன் உறுதியாய் நின்றது. பீகாரில் கூடுதல் அவகாசமும் அளித்தது. இறுதியில் ஏறத்தாழ 8 கோடிப் பெண்களுள் 28 இலட்சம் பேர் வாக்கிழந்தனர். கடுமையான முடிவே எனினும் அதன் உட்பொருள் ஆழமானது: குடியரசின் முன் எவரும் பிறர்க்குரியவராக அன்றித் தாமாகவே நிற்றல் வேண்டும். அக்குறை பின்னாளில் பெரிதும் நீங்கியது. 2019 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தோர் விகிதத்தில் பெண்கள் ஆடவரைச் சிறிது விஞ்சியும் நின்றனர்.

பிரிவினையால் வீடும் ஊரும் இழந்து வந்தோரையும் அன்று மறக்கவில்லை. இன்ன இடத்தில் நிலையாக வாழக் கருதுகிறோம் என்று அவர்கள் அளித்த உறுதிமொழியே பதிவுக்குப் போதுமென ஏற்றனர். புதிய ஊரில் பெயரைப் பதிவதே அவ்வூருக்கு உரியவராவதன் முதற்படி ஆயிற்று.

பிழைப்பு நாடிப் பிற மாநிலம் வந்துள்ள நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். நம்முள் பலருக்குப் பட்டியலில் பெயர் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. வழக்கமாக வசிக்கும் தொகுதியிலேயே பதிவு செய்யவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பதிதல் கூடாது என்பது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. ஊரில் வீடு உளது என்பது மட்டும் அங்கே வசிப்பதற்குச் சான்றாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. குழாயில் நீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை எனக் காலனியில் குறைகூறும் நாம், அக்குறை தீர்ப்போரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இல்லையெனில் நம் சொல்லுக்கு வலு ஏது?

1976-இல் அரசியலமைப்பில் அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டன. வாக்களித்தல் அவற்றுள் இடம்பெறவில்லை. எனவே அது நம் மனச்சான்றுக்கே விடப்பட்ட கடமையாகும். பிறந்த ஊர்ப்பற்று நெஞ்சில் இருக்கட்டும். வாழும் ஊரின் பட்டியலில் நம் பெயர் இருக்கட்டும். விழா முடிந்து இல்லம் திரும்பியதும், நம் பெயரும் பதினெட்டு நிறைந்த நம் மக்களின் பெயரும் அதில் உளவா எனப் பார்ப்போமாக. குடிமையின் முதற்பாடம் அதுவே.