மாவு விளம்பரத்தில் ஒரு முகம்

தெருவில் நடந்து போறீங்க, யாரோ உங்களை போட்டோ எடுக்கிறார். படத்தோட காப்பிரைட் பொதுவாக எடுத்தவருக்குத்தான். ஆனா முகம் உங்களோடது. அதுக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வி நியூயார்க்கில் ரெண்டு தடவை கோர்ட்டு ஏறியது.

முதல் தடவை, 1902. ஒரு மாவு கம்பெனி, ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமலே விளம்பரத்தில் போட்டு 25,000 பிரதிகள் அச்சடித்தது. அவர் வழக்கு போட்டார். மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் கையை விரித்தது: அப்படி ஒரு உரிமையே சட்டத்தில் இல்லை! பத்திரிகைகள் பொங்கின. அடுத்த வருஷமே சட்டம் வந்தது. விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஒருவரின் படத்தைப் பயன்படுத்தினால், எழுத்துபூர்வ சம்மதம் வேணும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆல்டன் பார்க்கர், 1904-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்றார். போட்டோகிராபர்கள் விடாமல் துரத்துறாங்கன்னு புலம்பினார். உடனே அந்தப் பெண் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்த உரிமை இல்லைன்னு சொன்னதே நீங்கதானே, ஐயா?

ரெண்டாவது தடவை, கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து. பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற கலைஞர் டைம்ஸ் சதுக்கத்தில் ஃபிளாஷ் விளக்குகளைக் கட்டி, தூரத்திலிருந்து வழிப்போக்கர்களைப் படம் எடுத்தார். எடுத்தது ஆயிரக்கணக்கில், 2001-ல் கண்காட்சிக்கு வைத்தது 17. அதில் ஒருவர், ஆசாரமான யூத முதியவர். உருவப்படம் அவருடைய மத நம்பிக்கைக்கே எதிரானது. விஷயம் அவருக்குத் தெரிந்ததோ 2005-ல். அதற்குள் பிரதிகள் 20,000, 30,000 டாலர் வரை விற்றிருந்தன.

வழக்கில் அவர் தோற்றார். இது கலை, கருத்துச் சுதந்திரத்தில் சேரும். காசுக்கு விற்றாலும் வியாபாரம் ஆகாது என்றது 2006 தீர்ப்பு. 2007-ல் மேல்முறையீடும் போச்சு. படம் முதலில் வெளியான ஒரு வருஷத்துக்குள் வழக்கு போட்டிருக்கணுமாம். தெரியாத படத்துக்கு எப்படிங்க வழக்கு போடுறது?

ஆளாளுக்குக் கையெழுத்து வாங்கணும்னா தெருப் புகைப்படக் கலையே இருக்காது. அதனால 2006 தீர்ப்பை நான் ஏத்துக்கிறேன். அந்தக் காலக்கெடுவைத்தான் ஏத்துக்க முடியலை. கலைக்கு இடம் கொடுக்கலாம். ஆனா படத்தில் இருக்கிறவர் அதைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கதவைச் சாத்துறது நியாயமா?