‘யார் பேர்ல இருக்கு?’: பட்டாவும் மதிப்பெண் பட்டியலும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தின் வரலாறு என்றால் நமக்குக் கோயிலின் வரலாறுதான். அதில் பூந்தோட்டத்துக்கும் இடமுண்டு. தொண்டரடிப்பொடியாழ்வார் இங்கே நந்தவனம் வைத்து மாலை கட்டினார் என்கிறது வைணவ மரபு. நந்தவனங்களுக்கு விடப்பட்ட நிலத்தைத் ‘திருநந்தவனப்புறம்’ என்று சோழர் காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறும். களை பிடுங்கியவள் பெயர் ஏறாது. மன்னர் காலத்துக் குறை என்று இதை ஒதுக்கிவிடலாமா? நம் காலத்துச் சட்டங்களையும் ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்த்தால் அப்படி ஒதுக்க முடியவில்லை என்பதே என் எண்ணம்.

1955இல் வந்த சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் முற்போக்கானது. நினைத்தபோது குத்தகைக்காரனை வெளியேற்றும் நிலவுடைமையாளரின் அதிகாரத்துக்கு அது கடிவாளம் போட்டது. ஆனால் சாகுபடி குத்தகைதாரர் யார்? தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தைச் சேர்ந்த எவருடைய உடலுழைப்பையோ பிறர் நிலத்தில் செலுத்துபவர் என்கிறது சட்டம். பெண் குத்தகைக்கு எடுக்கத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் நடைமுறையில் ஒப்பந்தம் ஆண் பேரில். நாற்று நடுவதும் களையெடுப்பதும் ‘குடும்பத்தைச் சேர்ந்தவள்’. அவளுடைய உழைப்பு அவனுடைய உரிமைக்குச் சான்றாக மாறிவிடுகிறது. அவன் செத்த பிறகு உழைக்கும் வாரிசு என்ற வகையில் அவள் உரிமை கோரலாம். அதாவது, விவசாயி ஆவதற்கு அவள் முதலில் விதவையாக வேண்டும்.

சொத்துரிமையும் இப்படித்தான் வந்தது. மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆன மகள்களை அது வெளியே நிறுத்தியது. அந்த விலக்கு போக, 2005இன் மத்தியத் திருத்தம் வரவேண்டியிருந்தது. சட்டம் தரும் உரிமைக்கும் கையில் வரும் நிலத்துக்கும் இடையே தெற்காசியப் பெண்களுக்கு எவ்வளவு தூரம் என்பதை பீனா அகர்வால் 1994லேயே விரிவாக எழுதிவிட்டார்.

அதே 1994இல் திருச்சி மாநகராட்சியானது. ஸ்ரீரங்கம் நகராட்சி அதில் கரைந்தது. மேலூர்ப் பக்கத்து வாழைக்கோ கொள்ளிடக் கரையோரக் கீரைப் பாத்திக்கோ இது தெரியாது. ஆனால் 2005இல் வேலை உறுதிச் சட்டம் வந்தபோது அது ஊரகத்துக்கு மட்டும் என்றானது. மண்வெட்டி பிடிக்கும் பெண் அன்றைக்கு ‘நகரத்தவள்’ ஆகிப்போனாள். 1999இல் தொடங்கிய உழவர் சந்தையில் உட்கார, நிலத்தையும் பயிரையும் சரிபார்த்துத் தரும் படம் ஒட்டிய அட்டை வேண்டும். 2019இல் வந்த ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை நிலப் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்குத்தான், குத்தகைதாரருக்கு இல்லை. எந்த ஜன்னலுக்குப் போனாலும் கேள்வி ஒன்றுதான்: “நிலம் யார் பேர்ல இருக்கு?”

பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்த பெண் முப்பதில் படிக்க நினைத்தால் என்ன ஆகும்? அவளுக்காகத்தானே திறந்தநிலைக் கல்வி வந்தது? 1985இல் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பள்ளிப் படிப்பு முடிக்காதவரும் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துப் பட்டத்துக்குப் போக வழி இருந்தது. மல்லி மொட்டை விடியுமுன் பறிக்க வேண்டும். பூவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கான்டாக்ட் கிளாஸோ சனி ஞாயிறில்தான். இத்தனையும் தாண்டிப் பட்டம் வாங்கியவர் முன்னால் 2009 ஆகஸ்டில் ஓர் அரசாணை வந்து நின்றது. 10ஆம், 12ஆம் வகுப்பு முடித்துப் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லும் என்றது அது. “டிகிரி இருக்கட்டும்மா, பிளஸ் டூ எங்கே?”

தரம் காக்க வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும். ஆனால் தரத்தைச் சோதிக்க எழுதிய தேர்வு இருக்கிறது. அரசு வேலைக்கென்று போட்டித் தேர்வும் தனியே இருக்கிறது. அரசாணை சோதித்தது தரத்தை அல்ல, பூர்வீகத்தை. பட்டாவைக் கேட்கிற அதிகாரமும் மதிப்பெண் பட்டியலைக் கேட்கிற அதிகாரமும் இங்கேதான் ஒரே மொழியில் பேசுகின்றன. இப்போது என்ன செய்கிறாய், என்ன தெரியும் என்று அவை கேட்பதில்லை. எங்கிருந்து வந்தாய் என்றே கேட்கின்றன. அப்பன் நிலமும் பிள்ளைப்பருவத்துப் பள்ளியும்தான் பெண்ணுக்கு மறுக்கப்பட்டவை. மறுக்கப்பட்டதையே பின்னால் சான்றாகக் கொண்டுவரச் சொல்வதைத் தடை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முதல் மறுப்பைச் சட்டபூர்வமாக்கும் வேலை அது.

ஆகவே ‘விழிப்புணர்வு இல்லை’, ‘ஆர்வம் இல்லை’ என்று பெண்களின் மேலேயே பழியைப் போடும் ஆய்வுரைகளை நாம் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டியிருக்கிறது. 1969இன் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் கிராமந்தோறும் பதிவேடு வைக்கச் சொன்னது. அந்தப் பதிவேட்டில் கணவன் பேருக்குப் பக்கத்தில், அவன் உயிரோடு இருக்கும்போதே, மனைவி பேரையும் எழுத என்ன தடை? கேள்வியை நாம் அங்கிருந்து தொடங்கலாம்.