ரிஷாருக்காக எழுந்து நின்ற அரங்கம்

அரங்குகளின் கதை – 11

மான்ட்ரியால் நகரத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஹாக்கி ரசிகர் யாரிடமாவது ‘ஃபோரம்’ என்று சொல்லிப் பாருங்கள். கட்டடத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்க மாட்டார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போன முதல் ஆட்டம், கூரைக்குக் கீழே மேகமாகத் தொங்கிய சுருட்டுப் புகை, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்த பெரியவர்கள், இடைவேளையில் ஒலிக்கும் ஆர்கன், ஆட்டம் முடிந்து செயின்ட் கேத்தரின் தெருவில் இறங்கும்போது முகத்தில் அறையும் குளிர் என்று ஒவ்வொன்றாக வரும். கடைசியில் ஓர் ஆட்டக்காரரின் பெயர் வரும். அது மொரென்ஸா, ரிஷாரா, பெலிவோவா, லாஃப்ளரா என்பதை வைத்து அவர் எந்தத் தலைமுறை என்று சொல்லிவிடலாம்.

கனடாவில் ஹாக்கி என்றாலே ஐஸ் ஹாக்கிதான். காலில் ஸ்கேட், கையில் நீண்ட மட்டை, பந்துக்குப் பதிலாக ‘பக்’ என்கிற கறுப்பு ரப்பர் வில்லை. களத்தில் பக்கத்துக்கு ஆறு பேர். நம் ஊர் ஹாக்கியை விட வேகம் அதிகம், முரட்டுத்தனமும் அதிகம். ஆண்டுக்கு ஐந்தாறு மாதம் பனி மூடிக் கிடக்கும் நாட்டில், உறைந்த ஆறுகளிலும் குளங்களிலும் குழந்தைகள் நடை பழகிய கையோடு கற்றுக்கொள்ளும் ஆட்டம் இது. அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய அணி மான்ட்ரியால் கனடியன்ஸ். அந்த அணி சுமார் 70 ஆண்டு வாழ்ந்த வீடு ஃபோரம்.

ஆனால், அந்த வீட்டை அவர்களுக்காக யாரும் கட்டவில்லை.

மான்ட்ரியாலில் அன்று பிரெஞ்சு பேசுவோரே பெரும்பான்மை. ஆனால் வங்கி, ரயில்வே, ஆலை, பெரிய கடை எல்லாம் ஆங்கிலம் பேசும் முதலாளிகள் கையில். அந்த ஆங்கிலப் பணக்கார வட்டாரம் தன் சமூகத்துக்கென ஓர் அணியை உருவாக்கியது. அதுதான் மரூன்ஸ். அந்த அணிக்காக அட்வாட்டர் அவென்யூவும் செயின்ட் கேத்தரின் தெருவும் சந்திக்கும் மூலையில் 1924-ல் எழுந்தது ஃபோரம். 159 நாளில் கட்டி முடித்தார்கள். செலவு சுமார் 15 லட்சம் டாலர். ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருக்கைகள். குழாய்கள் வழியே குளிரூட்டிச் செயற்கையாக உறைய வைக்கும் பனித்தரை அதன் பெருமை.

பிரெஞ்சுக்காரர்களின் அணியான கனடியன்ஸ் அப்போது மவுண்ட் ராயல் அரீனாவில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே இயற்கையான பனித்தரைதான். அந்த நவம்பரில் குளிர் போதவில்லை, தரை உறையவில்லை. வேறு வழியில்லாமல் கனடியன்ஸ் தன் முதல் ஆட்டத்தைப் புது ஃபோரத்துக்கு மாற்றிக்கொண்டது. 1924 நவம்பர் 29 அன்று டொரான்டோ செயின்ட் பாட்ஸ் அணியை 7–1 என்று அடித்து நொறுக்கியது. ஆக, மரூன்ஸுக்காகக் கட்டிய அரங்கைத் திறந்து வைத்தது கனடியன்ஸ். இரண்டு ஆண்டில் நிரந்தரமாகவே அங்கு குடிவந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மரூன்ஸ் நொடித்து 1938-ல் ஆட்டத்தையே நிறுத்திக்கொண்டது. விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

போவதற்கு முன் மரூன்ஸும் ஒரு நினைவை விட்டுப் போனது. 1936 மார்ச் 24 இரவு டெட்ராய்ட் அணியோடு ஆட்டம். இரு தரப்பும் கோல் போடவில்லை. கூடுதல் நேரம், மறுபடி கூடுதல் நேரம் என்று நீண்டு, ஆறாவது கூடுதல் நேரத்தில், அதிகாலை 2.25 மணிக்கு மட் ப்ரூனட்டோ என்ற டெட்ராய்ட் இளைஞர் கோல் அடித்தார். மொத்தம் 176 நிமிடம் 30 விநாடி ஆட்டம். இந்த அணிகள் ஆடும் லீகின் மிக நீண்ட ஆட்டம் இன்றும் அதுதான்.

கனடியன்ஸின் முதல் நாயகன் ஹோவி மொரென்ஸ். அன்றைய உலகத்தின் அதிவேக ஸ்கேட்டர் என்று பெயரெடுத்தவர். 1937 ஜனவரி 28 அன்று, இதே ஃபோரத்தில், சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய ஸ்கேட்டின் முனை பக்கப் பலகையில் மாட்டிக்கொண்டது. மேலே எதிரணி வீரர் விழ, கால் பல இடங்களில் முறிந்தது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. மார்ச் 8-ல் இறந்தபோது வயது 34. மூன்று நாள் கழித்து அவருடைய சவப்பெட்டியை அரங்கின் நடுவில் வைத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே அமர்ந்திருந்தார்கள். எந்த இருக்கைகளில் இருந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார்களோ, அதே இருக்கைகளில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தபடி. தேதி மார்ச் 11. அந்தத் தேதியை நினைவில் வையுங்கள்.

மொரென்ஸுக்குப் பின் மொரீஸ் ரிஷார். ‘ராக்கெட்’ என்றுதான் ஊரே கூப்பிட்டது. ரயில்வே தொழிலாளியின் மகன். தானும் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்கியவர். அதிகம் பேச மாட்டார். பக்கோடு கோலை நோக்கி வரும்போது அவர் கண்களைப் பார்த்தே கோல்கீப்பர்கள் பயந்தார்கள் என்பார்கள்.

1944 மார்ச் 23 இரவைப் பற்றித் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லிச் சொல்லியே அது ஒரு நாட்டார் கதையாகிவிட்டது. டொரான்டோவோடு பிளே ஆஃப் ஆட்டம். ஆட்டம் முடிந்ததும் அன்று சிறப்பாக ஆடிய மூன்று பேரை மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்ற வரிசையில் அறிவிப்பது வழக்கம். மூன்றாவது இடம்: மொரீஸ் ரிஷார். அரங்கத்தில் முணுமுணுப்பு. மனிதர் ஐந்து கோல் அடித்திருக்கிறார், அவருக்கு மூன்றாவது இடமா? இரண்டாவது இடம்: மொரீஸ் ரிஷார். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. முதல் இடத்துக்கான பெயர் வாயிலிருந்து வருவதற்குள் கூரை இடிந்துவிடும் போல ஆகிவிட்டது. ஆட்டத்தின் முடிவு: ரிஷார் 5, டொரான்டோ 1. கனடியன்ஸில் வேறு யாரும் அன்று கோல் போடவில்லை.

மேற்பார்வையாளரும் வங்கி மேலாளரும் ஆங்கிலத்தில் அதட்ட, பகலெல்லாம் தலையாட்டிவிட்டு வந்த ஒருவருக்கு, தன் மொழி பேசும் ஒருவன் ஆங்கில அணிகளை இப்படிப் பந்தாடுவதைப் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஃபோரத்தின் நினைவுகளில் இருக்கும் சூடு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தச் சூடு தீயாக மாறிய இரவு 1955 மார்ச் 17. நான்கு நாள் முன்பு பாஸ்டனில் நடந்த கைகலப்பில் ரிஷார் ஒரு நடுவரைக் குத்திவிட்டார். லீகின் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல், மிச்சமிருந்த ஆட்டங்களுக்கும் பிளே ஆஃப் முழுமைக்கும் சேர்த்துத் தடை விதித்தார். அடித்தது தவறுதான். ஆனால், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் எங்கள் ஆளை ஒழித்துக்கட்டப் பார்க்கிறார் என்றே பிரெஞ்சு மான்ட்ரியால் அதைப் படித்தது. வர வேண்டாம் என்று பலர் எச்சரித்தும், டெட்ராய்டுக்கு எதிரான அன்றைய ஆட்டத்துக்கு கேம்பல் வந்து தன் வழக்கமான இருக்கையில் அமர்ந்தார். முட்டையும் தக்காளியும் பறந்தன. கைகுலுக்க வருவது போல வந்த ஒருவன் கன்னத்தில் அறைந்தான். சற்று நேரத்தில் அவர் இருந்த பக்கமாக ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. ஆட்டம் நின்றது. வெற்றி டெட்ராய்டுக்கு என்று அறிவித்தார்கள். மக்கள் இருமிக்கொண்டு வெளியே ஓட, செயின்ட் கேத்தரின் தெருவில் விடிய விடியக் கண்ணாடிகள் நொறுங்கின. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி அமைதி காக்கச் சொன்ன பிறகுதான் ஊர் அடங்கியது. அடுத்த பத்தாண்டில் கியூபெக் மாநிலத்தில் எழுந்த பிரெஞ்சு உரிமை எழுச்சிக்கு அந்த இரவே முதல் பொறி என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. முதல் பொறி என்பது கொஞ்சம் மிகைதான். ஆனால் ஒரு விளையாட்டு அரங்கில் ஒரு சமூகம் தன் கோபத்தின் அளவைத் தானே முதன்முறையாகப் பார்த்துக்கொண்டது என்பதை மறுக்க முடியாது. அடுத்த ஆண்டிலிருந்து, 1956 முதல் 1960 வரை, லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைக் கனடியன்ஸ் தொடர்ந்து ஐந்து முறை வென்றது.

அரங்குக்குள் ஒருநாளும் கால் வைக்காதவர்களுக்கும் ஃபோரம் சொந்தம். கனடாவின் முதல் ஹாக்கி தொலைக்காட்சி ஒளிபரப்பு 1952 அக்டோபர் 11 அன்று இங்கிருந்துதான் போனது, அதுவும் பிரெஞ்சில். வர்ணனை ரெனே லெகவாலியே. ஆட்டத்தின் சொற்களையெல்லாம் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிய மக்களுக்கு அவர் நல்ல பிரெஞ்சுச் சொற்களைப் பழக்கினார். சனிக்கிழமை இரவு என்றால் கியூபெக்கின் கடைக்கோடிக் கிராமத்துச் சமையலறையும் ஃபோரத்தின் ஒரு பால்கனிதான். ரோக் காரியே எழுதிய ‘ஹாக்கி ஸ்வெட்டர்’ என்ற புகழ்பெற்ற சிறுகதை அந்தக் கிராமத்துப் பிள்ளைகளைப் பற்றியது. எல்லாப் பையன்களும் ரிஷாரின் 9-ம் எண் சட்டை போட்டிருக்க, ஒருவனுக்கு மட்டும் கடைக்காரர் தவறுதலாக டொரான்டோ அணிச் சட்டையை அனுப்பிவிடுகிறார். அந்தக் கதையின் வரிகளைக் கனடா தன் ஐந்து டாலர் நோட்டில் அச்சிட்டது.

1968-ல் அரங்கைப் பிரித்து மேய்ந்து பெரிதாக்கினார்கள். பார்வையை மறைத்த தூண்கள் போயின. முகப்பில், இரண்டு ஹாக்கி மட்டைகள் குறுக்கே வைத்தது போல எஸ்கலேட்டர்கள் வந்தன. இரவில் தெருவிலிருந்து பார்த்தால் அவை ஒளிரும். இளைய ரசிகர்களுக்கு ஃபோரம் என்றால் அந்த மட்டைகள்தான். அவர்களுடைய நாயகன் கீ லாஃப்ளர். ஹெல்மெட் போடாமல் பொன்னிறத் தலைமுடி பின்னால் பறக்க அவர் வலப்பக்கம் விரைந்தால், “கீ! கீ! கீ!” என்று அரங்கமே கூவும். ஓய்வு பெற்றுப் போன அவர், 1989 பிப்ரவரியில் நியூயார்க் அணிக்காக இதே தளத்தில் இறங்கி, கனடியன்ஸுக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டார். அப்போதும் “கீ! கீ!” என்றுதான் கூவினார்கள். சொந்த அணிக்கு எதிராக விழுந்த கோலுக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் அது. ரசிகர்கள் மீது எனக்கு மரியாதை கூடியது இதைப் படித்தபோதுதான்.

ஹாக்கிக்கு வெளியிலும் இந்த அரங்குக்கு ஒரு பெருமை உண்டு. 1976 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை நாடியா கொமனச்சி முதல் முழுப் பத்து வாங்கியது இங்கேதான். மதிப்பெண் பலகை 10.00 காட்ட இடமில்லாமல் 1.00 என்று காட்டியது.

1990-களில் கணக்கு மாறியது. பெரு நிறுவனங்களுக்கு விற்கக் கண்ணாடி அறைகள் வேண்டும், அதிக இருக்கைகள் வேண்டும். நகரின் மையத்தில் மோல்சன் சென்டர் தயாரானது. 1996 மார்ச் 11 ஃபோரத்தின் கடைசி ஆட்டம் என்று அறிவித்தார்கள். ஆம், மொரென்ஸை வழியனுப்பிய அதே மார்ச் 11. டல்லாஸ் அணியை 4–1 என்று வென்றார்கள். ஆனால் அந்த இரவை யாரும் அந்த எண்ணிக்கைக்காக நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பழைய வீரர்களை ஒவ்வொருவராகப் பனித்தரைக்கு அழைத்தார்கள். ரிஷாரின் பெயர் வந்தது. 74 வயது. கூட்டம் எழுந்தது, கைதட்டியது, நிறுத்தவில்லை. இரண்டு நிமிடம், நான்கு நிமிடம், ஏழு நிமிடத்தையும் தாண்டிப் போனது. அவர் கையை உயர்த்தினார், போதும் என்று சைகை செய்தார், கண்ணைத் துடைத்தார். சத்தம் இன்னும் கூடியது. அவர் கடைசியாக ஆடி 36 ஆண்டு ஆகியிருந்தது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அவர் ஆடியதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. பிறகு அணியின் பழைய தலைவர்கள் ஒரு தீப்பந்தத்தைக் கைமாற்றிக் கைமாற்றி அன்றைய தலைவர் பியர் டர்ஜான் கையில் சேர்த்தார்கள். கனடியன்ஸின் உடை மாற்றும் அறைச் சுவரில், முதல் உலகப் போர்க் கவிஞர் ஜான் மெக்ரே எழுதிய தீப்பந்தம் பற்றிய வரி பல காலமாக இருந்தது. தளர்ந்த கை அடுத்த கைக்குக் கொடுப்பது என்ற அந்தக் கருத்தை வீரர்கள் தங்கள் உறுதிமொழியாகவே வைத்திருந்தார்கள்.

அடுத்து ஏலம் நடந்தது. இருக்கைகளை ரசிகர்கள் வாங்கிப் போய் வரவேற்பறையிலும் நிலவறையிலும் போட்டுக்கொண்டார்கள். இந்த அரங்கில் வாழ்ந்த காலத்தில் கனடியன்ஸ் வென்ற ஸ்டான்லி கோப்பைகள் 22. கடைசியாக வென்றது 1993-ல். புது அரங்குக்குப் போய்க் கால் நூற்றாண்டு கடந்தும் ஒன்றுகூட வரவில்லை. ஃபோரத்தின் ஆவிகள் கூடவே வர மறுத்துவிட்டன என்று பழைய ரசிகர்கள் சொல்கிறார்கள். வீரர்கள் சரியில்லை, நிர்வாகம் சரியில்லை என்பதே உண்மைக் காரணம். இருந்தாலும் அவர்கள் ஆதங்கத்தில் எனக்கு முழுச் சம்மதம்.

கட்டடத்தை இடிக்கவில்லை. 1997-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள். பிறகு உள்ளே இருந்ததையெல்லாம் குடைந்தெடுத்துவிட்டு, திரையரங்குகளும் கடைகளும் கொண்ட வளாகமாக 2001-ல் திறந்தார்கள். நடுவட்டம் இருந்த இடத்தைத் தரையில் குறித்து, பழைய இருக்கைகள் சிலவற்றையும் ரிஷாரின் சிலை ஒன்றையும் வைத்தார்கள். டொரான்டோவிலும் 1931-ல் கட்டிய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற பழைய அரங்கம் இருந்தது. அங்கே கீழ்த்தளத்தைப் பலசரக்குக் கடைக்குக் கொடுத்தார்கள். ஆனால் மேல்தளத்தில், அதே கூரைக்குக் கீழே, ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் புதிய பனித்தரை போட்டார்கள். அங்கே இன்றும் மாணவர்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். மான்ட்ரியால் அப்படிச் செய்திருக்க முடியும். செய்யாமல் விட்டது தவறு, பெரிய தவறு.

மான்ட்ரியாலில் வாழும் நம் வாசகர்கள் அட்வாட்டர் மெட்ரோ நிலையத்தில் ஒருநாள் இறங்கிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் வயதானவரிடம் ஃபோரத்தில் நீங்கள் பார்த்த முதல் ஆட்டம் எது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

(அடுத்த வாரம்: வாகன நிறுத்தமாகிப்போன சிகாகோ ஸ்டேடியம்)