தாராவி என்னும் பழைய ஊர்: கோட்டையும் கோலிவாடாவும் தரும் சான்றுகள்

தாராவியைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அதைக் குடிசைப்பகுதி என்றே தொடங்குகின்றன. 1971-இல் மகாராஷ்டிர அரசு கொண்டுவந்த குடிசைப்பகுதிச் சட்டம் அந்தப் பெயருக்குச் சட்ட வடிவம் தந்தது. ஆனால் தாராவியின் நிலத்தடையாளங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், பம்பாய் பெருநகராவதற்கு முன்பே இருந்த ஒரு கிராமம் தெரிகிறது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய கோலிவாடாவில் கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1909-இல் வெளிவந்த பம்பாய் கெஜட்டியர், நகரின் பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது.

இதைவிடப் பழைய சான்று, காலா கில்லா எனப்படும் ரீவா கோட்டை. கருங்கல்லால் ஆன இச்சிறு கோட்டையின் சுவரில் பதித்த கல்வெட்டு, ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி 1737-இல் கட்டப்பட்டதைச் சொல்கிறது. அதே ஆண்டில்தான் மராட்டியர் கழிமுகத்தின் மறுகரையிலுள்ள சால்செட்டில் போர்ச்சுக்கீசியரைத் தாக்கினர். அக்கரையில் ஆட்சி கைமாறிய நேரத்தில் கழிமுகக் கரையைக் காக்க வேண்டிய தேவை ஆங்கிலேயருக்கு இருந்தது. தாராவி அன்று எல்லையூர். ஆட்சியாளர் எழுப்பிய கோட்டை கிராமத்தின் வரலாற்றைச் சொல்லுமா என்று கேட்கலாம். கோட்டை மட்டும் சொல்லாது என்பது உண்மையே. ஆனால் நீரும் நிலமும் எங்கே பிரிந்தன என்பதை அது காட்டுகிறது. அந்த நீரை நம்பியே கோலிகள் பிழைத்தார்கள். கோட்டையையும் கோலிவாடாவையும் சேர்த்துப் படித்தால்தான் ஊரின் இருப்பிடம் விளங்கும்.

அடுத்த கட்டத்தை எழுதியவர்கள் வந்தேறிகள். தோல் பதனிடும் தொழில் ஊருக்கு வெளியே, நீர் கிடைக்கும் தாழ்நிலத்தைத் தேடியது; பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடத்திலிருந்து பச்சைத்தோல் எளிதாக வந்து சேர்ந்தது. அத்தொழிலோடு தமிழ் முஸ்லிம்கள் வந்தார்கள். 1887-இல் படி மசூதி எழுந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உழைக்கும் மக்கள் பெருகினார்கள். 1913-இல் கணேசர் கோயில் அமைந்தது. சௌராஷ்டிரக் குயவர்களின் கும்பார்வாடாவும் இங்கே வேர்விட்டது. சதுப்பில் மண்ணும் கழிவும் கொட்டி மேடாக்கிய பின்னரே பல தெருக்களில் வீடு கட்ட முடிந்தது.

இன்றைய நெருக்கடியான வீடுகளுக்கும் இந்தப் பழமைக்கும் தொடர்பில்லை, வரலாறு பேசினால் சாக்கடை சீராகிவிடுமா என்ற மறுப்பு வலுவானது. குடிநீரும் கழிப்பறையும் பாதுகாப்பான வீடும் உடனடியாகத் தேவை. அவற்றை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு பகுதியை வெறும் குடிசைக் கூட்டமாகக் கணக்கிடும்போது, அதன் மக்கள் காலி செய்ய வேண்டிய ஆக்கிரமிப்பாளர்களாக மட்டுமே பதிவாகிறார்கள். ஊராகக் கணக்கிட்டால், நிலத்தை உண்டாக்கியவர்கள் என்ற உரிமையோடு அவர்கள் பேச முடியும். கோலிவாடாவினர் தங்களைக் குடிசைவாசிகளாகக் கருதக் கூடாதென வாதிடுவதும் இதனால்தான்.

ஆகவே தாராவியின் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு வீடுகளை எண்ணுவதோடு நிற்கக் கூடாது. கோட்டை, கோலிவாடா, மசூதி, கோயில், கும்பார்வாடா ஆகியவற்றையும், அவற்றை உருவாக்கிய மக்களின் வாய்மொழி வரலாற்றையும் பதிந்த பிறகே புதிய வரைபடம் வரையப்பட வேண்டும்.